நஸீரா டீச்சரின் கார் சாம்பல் நிறமாக நின்ற நாட்கள்

மரணச் செய்தி வந்தபோது நான் அக்கரைப்பற்று பஸ் சந்தியில் நின்றிருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்ன ஜனாஸா அறிவித்தலை யாரோ போனில் பதிந்து எங்கள் ஆசிரியர் குழுவுக்கு அனுப்பியிருந்தார்கள். காதோடு வைத்துக் கேட்டேன். இன்னாருடைய மகள், மர்ஹூம் ஹாஸிமின் மனைவி, இன்னார் இன்னாருடைய சகோதரி. அந்தச் சகோதரர்களில் ஒருவருடைய கடையின் பெயர்கூட வந்தது. கடைசியில் மௌத்தானவருடைய பெயரைச் சொல்லும் நேரம் பார்த்துக் கல்முனை பஸ்காரன் ஹோன் அடித்தான். பெயர் அதற்குள் அமுங்கிப் போனது. ஹாஸிம்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். திருப்பிப் போட்டுக் கேட்டேன். முதலில் கோபம்தான் வந்தது. அழுகை பஸ்ஸில் ஏறிய பிறகுதான் வந்தது.

ஆகவே இங்கே பெயரை முதலில் சொல்கிறேன். நஸீரா. கணித ஆசிரியை. நாற்பத்து நான்கு வயதில், தலைக்குள் இரத்தக் குழாய் வெடித்து, ஒரே பகலில் போய்விட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவரிடம் கணக்குப் படித்தவர்களும், அவருடைய மஞ்சள் காரில் கிளினிக்குக்குப் போய் வந்தவர்களும் இதை வாசிப்பீர்கள். மஞ்சள் கார் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் அது சாம்பல் நிறமாக நின்ற நாட்கள் மதிலுக்கு உள்ளே நடந்தவை. அங்கே இருந்த சிலரில் நானும் ஒருத்தி.

கணவர் ஹாஸிம் நானா மௌத்தானபோது, நான் அக்காவாக நினைத்து ராத்தா என்று கூப்பிட்ட நஸீரா டீச்சர் இத்தா இருந்தார். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். வீடு அவருடையது. எங்கள் கரையில் வீடு பெண்ணோடு வரும், ஆண்தான் வந்து குடியேறுவான். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அந்த வீட்டைக் கட்டுவதற்காக அவளுடைய வாப்பா எத்தனை வருடம் கட்டாரில் வெந்தார் என்பதைச் சொல்லமாட்டோம். முற்றத்தில் ஒரு பழைய கார் நின்றது. அதை வாங்கியதும் ராத்தாவின் சம்பளத்தில்தான், பதிவும் அவர் பெயரில்தான். ஆனாலும் ஊருக்கு அது "ஹாஸிம்ட கார்". ராத்தாவிடம் லைசன்ஸ் இருந்தது. அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பத்து வருடமாக இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

நான் பார்க்கப் போன அன்று ஹாஸிம் நானாவின் தம்பி கபூர் விறாந்தையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார். ராத்தா திரைச்சீலைக்கு இந்தப் பக்கம், என்னோடு.

"மச்சி, கார நிப்பாட்டி வெச்சா கடக்காத்துல கறள் தின்னுடும். இத்தா முடியட்டும், நல்ல வெலைக்குக் குடுத்துடுவம். ஆம்பிள இல்லாத ஊட்டுல கார் என்னத்துக்கு?"

"பாப்பம் தம்பி" என்றார் ராத்தா.

அவர் போன பிறகு நான் வெடித்தேன். "என்ன ராத்தா பாப்பம்? ஒங்கட கார்தானே. ஏலாது எண்டு சொல்ல வாயில்லையா?"

"வாய் இரிக்கி. சொன்னா நாளைக்கு இந்தப் புள்ளைக்கு மாப்பிள பாக்கக்குள்ள அவன்தானே வந்து நிக்கணும்." உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள் ஸஹ்ராவைத் தலையால் காட்டினார். இதுதான் எங்கள் ஊர்க் கணக்கு. ஒரு பெண் தன் பொருளைத் தன்னுடையது என்று சொல்வதற்கு மகளின் கலியாணத்தை அடகு வைக்க வேண்டும்.

ஆனால் ஜன்னலால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது காரை. கதவின் அடிப்பக்கம் பெயிண்ட் பப்படம் போலப் பொங்கி நின்றது. போனட்டில் ஒரு கை அகலத்துக்குத் துருவேறிய கறள். "ஷிபா, நீ சித்திரம் படிப்பிக்கிறவதானே. பெயிண்டப் பத்தி ஒனக்குத் தெரியும் என்ன?"

எனக்குத் தெரிந்தது நீர்வர்ணம். அதையும் பிள்ளைகள் கொண்டு வந்தால்தான் உண்டு. ஓம் என்று தலையாட்டிவிட்டேன். அப்படித்தான் தொடங்கியது.

கல்முனையில் பெயிண்ட் அடிக்கும் யோகன் பாஸுக்கு ஸஹ்ரா போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். புதுக் கார் நாட்டுக்குள் வராத காலம் அது. எல்லோரும் பழசுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய பட்டறையில் மாதக் கணக்காக வரிசை.

"டீச்சர், பெயிண்ட் அடிக்கிறது ரெண்டு நாள் வேல" என்றார் பாஸ். "அதுக்கு முன்னால இருக்கிறதுதான் வேல. பம்பர், லைட், ரப்பர் எல்லாம் கழட்டணும். கறள் இருக்கிற இடத்தத் தகரம் தெரியுமட்டும் சுரண்டணும். பள்ளத்துக்குப் பட்டி வச்சுத் தேய்க்கணும். மத்த இடத்தில மினுக்கத்த மட்டும் எடுத்தாக் காணும், நல்லா ஒட்டியிருக்கிற பெயிண்டோட சண்டைக்குப் போகாதீங்க. அவ்வளவும் வீட்டில செய்து கொண்டு வந்தா நான் இடையில நுழைச்சு அடிச்சுத் தாறன்."

"எனக்கு வெளிய போகேலா, தம்பி. ஊட்டுக்குள்ளதான் இரிப்பன்."

"அப்ப நல்லம் டீச்சர். இந்த வேலைக்கு வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கிற ஆள்தான் சரி."

ராத்தா சிரித்தார். நானா மௌத்தான பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

பாடசாலை விட்டதும் நான் போவேன். கண்ணாடிகளுக்குப் பழைய பேப்பர் ஒட்டினோம். கழற்றிய ஆணிகளை ஸஹ்ரா ஜாம் போத்தல்களில் போட்டு, எது எங்கே உரியது என்று துண்டு எழுதி ஒட்டினாள். சாண்ட் பேப்பரை வெறும் விரலால் பிடித்துத் தேய்த்தால் விரல் தடம் தடமாகப் பள்ளம் விழும், தட்டையான ஒன்றில் சுற்ற வேண்டும் என்று பாஸ் சொல்லியிருந்தார். ராத்தா வாசலுக்குப் போய் ஹாஸிம் நானாவின் ரப்பர் செருப்பைக் கொண்டு வந்தார். வாசலில் கழற்றிவிட்ட இடத்திலேயே அது அதுவரை கிடந்தது, யாரும் தொடவில்லை. கத்தியால் குதிப்பக்கத்தை அறுத்து எடுத்தார். பிறகு அதில் பேப்பரைச் சுற்றி, கதவில் வைத்துத் தேய்க்கத் தொடங்கினார்.

நான் தேய்த்துக்கொண்டே திட்டுவேன். பாடசாலை அதிபரை, கபூரை, ஊரை. ராத்தா ஒரு நாள் சொன்னார்: "கோவத்த அந்தச் செருப்புல போடு புள்ள. வாயால தேய்ச்சாப் பெயிண்ட் கழராது."

பக்கத்து வீட்டுப் பல்கீஸ் மாமிக்கு மதிலுக்கு மேலால் பார்ப்பதற்கென்றே ஒரு கல் இருந்தது. மூன்றாம் நாள் அதில் ஏறினார்.

"நஸீரா, இத்தாவுல இரிக்கிற பொம்புள அலங்காரம் செய்யப்படா எண்டு தெரியாதா ஒனக்கு? பெயிண்ட் வேலயாமே?"

"மாமி, வடிவாப் பாருங்க. நான் சாயம் பூசல்ல. கழட்டுறன்."

மாமி கல்லில் இருந்து மெதுவாக இறங்கினார். ராத்தா மார்க்கத்தோடு விளையாடுகிறவர் அல்ல. தொடங்குவதற்கு முன்பே மௌலவியின் மனைவி மூலம் கேட்டு, வீட்டு எல்லைக்குள் வேலை செய்யத் தடையில்லை என்று தெரிந்து வைத்திருந்தார். மார்க்கம் தடுக்காததையெல்லாம் தடுப்பதற்கு ஊர் இருக்கிறது என்பது மட்டும் எனக்கு அன்று விளங்கியது.

அடுத்து நடந்தது கடற்கரைக்காரர் மட்டுமே செய்யக்கூடிய பிழை. போனட்டையும் ஒரு கதவையும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்த்தோம். தகரம் வெள்ளிபோல வந்தது. ராத்தா அதைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். அன்று பின்னேரமே கடையில் வாங்கிய ஸ்பிரே போத்தலால் சாம்பல் நிற அடிப்பூச்சை அடித்தோம். ஒரு கிழமை போகவில்லை, அடிப்பூச்சு பொரிந்தது. நகத்தால் கிள்ளினால் அடியில் செம்மஞ்சளாகப் புதுக் கறள். போனட் முழுவதும்.

பாஸுக்குப் போன் போட்டோம். முதலில் கேட்டதே, "எந்தத் தண்ணி?"

"கிணத்துத் தண்ணி."

"கடற்கரைக் கிணறா? டீச்சர், நீங்க கார் தேய்க்கல்ல. கருவாடு போட்டிருக்கிறீங்க."

ராத்தா விறாந்தைப் படியில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் கிணறுகள் உவர். அந்தத் தண்ணீரில் குளிக்கிறோம், உடுப்புத் தோய்க்கிறோம், வாகனம் கழுவுகிறோம். தேநீருக்கு மட்டும் குழாயில் பிடித்து வைப்போம். "தேத்தண்ணிக்கு ஆகாது எண்டு தெரிஞ்ச தண்ணி தகரத்துக்கும் ஆகாது எண்டு ஒருத்தருக்கும் தோணல்லையே" என்றார். அன்று அவர் அழுதார். காருக்காக மட்டும் அழவில்லை என்பது எனக்கும் ஸஹ்ராவுக்கும் தெரியும். நான் ஆறுதல் சொல்லத் தெரியாதவள். "விடுங்க ராத்தா, வித்துடுங்க" என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

அவர் முகத்தைத் துடைத்தார். "மறுகா முதல்ல இரிந்து தேய்ப்பம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பிழைச்ச கணக்க வெட்டிப்போட்டு அடியில திருப்பிச் செய்யச் சொல்லித்தானே புள்ளைகளுக்குச் சொல்றன்" என்றார்.

வெறுந்தகரம் வந்த இடத்தில் தண்ணீரே வேண்டாம், உலர்வாகத் தேய்த்துத் தின்னரால் துடையுங்கள், மற்ற இடத்துக்கு நல்ல தண்ணீர் பாவியுங்கள் என்றார் பாஸ். நல்ல தண்ணீர் எங்கே? ராத்தா வீட்டுக் குழாயில் அது நூல் போலத்தான் வரும். ஒரு வாளி நிறையும் நேரத்துக்கு இரண்டு ஸலவாத்து போதாது, நீண்ட யாஸீன் அத்தியாயமே ஓத வேண்டும். அடுத்த நாள் நாங்கள் வாளியைக் குழாயடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தபோது மதிலுக்கு மேலால் ஒரு பச்சைக் குழாய் வந்து முற்றத்தில் விழுந்தது. பின்னாலேயே பல்கீஸ் மாமியின் தலை. மாமி வீட்டில் பெரிய தாங்கி இருந்தது.

"நல்ல தண்ணி. தொறந்து விடட்டா?"

ராத்தாவுக்கு நம்ப முடியவில்லை. "மாமி, அலங்காரம் எண்டீங்க?"

"அலங்காரமில்ல, நீதான் கழட்டுறாயே. ஆனா ஒண்டு. என்ட சீனி வருத்தத்துக்கு மாசா மாசம் கிளினிக் போகணும். ஓட்டோல குலுங்கி இடுப்புப் போகுது. நீ இந்தக் கார ஓட்டினா என்ன முன் சீட்டுல வெச்சுக் கொண்டு போகணும்."

"நான் ஓட்டுவன் எண்டு யார் சொன்ன?"

"பின்ன இவ்வளவும் தேய்க்கிற விக்கிறதுக்கா?" என்றார் மாமி.

ராத்தா தண்ணீரைத் திறக்கச் சொன்னார். அவர் அதுவரை தனக்கே சொல்லிக்கொள்ளாத ஒன்றை மாமி மதிலில் நின்று கத்திவிட்டார்.

இத்தா முடியக் கொஞ்ச நாள் இருக்கும்போது கபூர் சொல்லாமல் கொள்ளாமல் ஓர் ஆளைக் கூட்டி வந்தார். நல்ல விலைக்குக் கேட்கிறாராம், இப்போதே பேசி முடிப்போமாம். ராத்தா உள்ளே ஓடினார். நான் முற்றத்தில் நின்றேன். முற்றத்தில் நின்ற காருக்கு முகம் இல்லை. பம்பர் இல்லை, லைட் இருந்த இடத்தில் இரண்டு பொந்து. கண்ணாடி முழுக்கப் பேப்பர். உடம்பு முழுக்கச் சாம்பல், இடைக்கிடை பட்டி வைத்த மஞ்சள் திட்டுகள், மினுக்கம் போன பழைய நிறத்தின் துண்டுகள். எங்களுக்கு அது கிட்டத்தட்ட முடிந்த வேலை. கண்ணை மூடிக்கொண்டு கையை ஓட்டினால் எங்கே பழசு முடிகிறது, எங்கே பட்டி தொடங்குகிறது என்று தெரியாது. வந்தவருக்கு அது எப்படித் தெரிந்ததென்றால்:

"கபூர், இது எங்க அடிபட்ட கார்?"

"அடிபடல்லயே மச்சான்! போன மாசம் நல்லாத்தானே நிண்ட!"

"இத நான் வாங்கிப் பேரீச்சம்பழக்காரனுக்கா போடுற?" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

கபூர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கத்தினார். "மச்சி! கார நாசமாக்கிப் போட்டீங்களே! இனி ஒரு நாயும் வாங்காது!"

அவர் போன பிறகு உள்ளே போய்ப் பார்த்தேன். ராத்தா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் ஓட, சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்கியதும் ஒன்று சொன்னார். அவரை வீராங்கனையாக்கிப் பேசப் போகிறவர்களுக்காக அதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தாள் சரி எண்டு சொல்லியிருந்தா, நான் கையெழுத்துப் போட்டிருப்பன் ஷிபா. அல்லாஹ்தான் காப்பாத்தின. எனக்கு 'இல்லை' எண்டு சொல்ல இன்னும் வராது. அதையும் பழகணும்."

இத்தா முடிந்து குளித்து வெளியே வந்த பெண்ணை உறவுக்காரர் வீடுகளுக்குக் கூட்டிப் போவது வழக்கம். ராத்தா முதலில் போனது யோகன் பாஸின் பட்டறைக்கு. தானே ஓட்டிக்கொண்டு. கண்ணாடிப் பேப்பரைக் கிழித்து, லைட்டுகளை மட்டும் திருப்பிப் பூட்டியிருந்தோம். நான் பக்கத்தில், ஸஹ்ரா பின்னால் பம்பரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. சந்தியில் கார் நின்றுபோனது. பின்னால் ஒரு ஓட்டோக்காரன் தலையை நீட்டினான்.

"டீச்சர், கிளச்சில கால வைங்க!"

"கால் அங்கதான் இரிக்கி! நீ ஹோனில இரிந்து கைய எடு!"

"எட்டாம் வகுப்புலயும் இப்பிடித்தான் ஏசின நீங்க" என்றான் அவன். பிறகு இறங்கி, பின்னால் வந்த வாகனங்களை மறித்து எங்களுக்கு வழி விட்டான்.

பட்டறை இருந்தது கல்முனையின் தமிழர் பகுதியில். எங்கள் கரையில் ஒவ்வொரு வீதியையும் இது அவர்களுடையது, இது எங்களுடையது என்று கோடு போட்டுப் பிழைக்கும் அரசியல்வாதிகள் இரண்டு பக்கமும் உண்டு. அந்தக் கோட்டைத் தாண்டும்போது ராத்தாவுக்கு மூன்றாம் கியர் விழவில்லை என்பதுதான் எங்கள் பிரச்சினையாக இருந்தது. யோகன் பாஸ் காரைச் சுற்றிக் கையை ஓட்டினார். பின் கதவில் ஒரு இடத்தில் நின்றார். "இதில மட்டும் இன்னொருக்கா" என்றார். பட்டறை ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, ராத்தா கைப்பையில் இருந்து செருப்புத் துண்டை எடுத்து அந்த இடத்தைத் தேய்த்துக் கொடுத்தார். நிறம் என்ன என்று கேட்டார் பாஸ்.

"மஞ்சள். நல்லாத் தெரியிற மஞ்சள். நான் புதுசா ஓட்டுறவ, தூரத்துலயே கண்டு ஆக்கள் ஒதுங்கட்டும்."

அதற்குப் பிறகு உங்களுக்குத் தெரியும். பல்கீஸ் மாமி முன் சீட்டில் இருந்து வீதிக்கு ஸலாம் சொல்லிக்கொண்டு கிளினிக் போனார். தூரத்துக் கோமாரிப் பாடசாலைக்கு மாற்றலாகிப் போன இளம் ஆசிரியையை, முதல் நாள் பயந்து நின்றவளை, ராத்தாதான் கொண்டுபோய் இறக்கினார். கபூரும் ஒரு நாள், மகனுக்குக் காய்ச்சல் என்று, அதே காரின் பின் சீட்டில் ஏறினார். ராத்தா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. நானாக இருந்தால் சொல்லிக் காட்டியிருப்பேன்.

ஜனாஸா அடக்கி மூன்றாம் நாள் நான் அந்த வீட்டில் இருந்தேன். கபூர் வந்தார். கண் சிவந்திருந்தது, உண்மையாகவே அழுதிருந்தார். அவரை அரக்கனாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் பழக்கம் விடாது. "மகள், கார் சும்மா நிண்டா..." என்று தொடங்கினார்.

"சும்மா நிக்காது சாச்சா" என்றாள் ஸஹ்ரா. திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கவில்லை, எதிரில் நின்று சொன்னாள். "விக்கிறதில்ல. லைசன்ஸுக்குப் போட்டிரிக்கன்."

அவளுடைய உம்மாவுக்குக் கடைசிவரை கஷ்டப்பட்டு வந்த "இல்லை" மகளுக்கு இயல்பாக வந்தது. கபூர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப டயருக்குக் காத்தாவது அடிச்சு வெய்யுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

பலர் ராத்தாவின் தைரியத்தை நினைவில் வைப்பதாகச் சொல்கிறார்கள். நான் வைத்திருப்பது வேறு. அரைகுறையாக நிற்பதற்கு வெட்கப்படாத அந்தச் சாம்பல் நாட்களை வைத்திருக்கிறேன். எனக்குப் பொறுமை கிடையாது. எதுவும் உடனே மஞ்சளாக வேண்டும், ஊர் நாளைக்கே திருந்த வேண்டும். இப்போது நானும் கார் ஓட்டப் பழகுகிறேன். கிளச்சைச் சட்டென்று விட்டுவிடுகிறேன். சந்தியில் நின்றுபோகிறது. ஆட்கள் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். வேலை நடக்கிற ஒன்று அப்படித்தான் இருக்கும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு, மறுகா ஸ்டார்ட் பண்ணுகிறேன்.

கடந்த வெள்ளி ஸஹ்ரா போன் போட்டாள். கதவின் அடியில் மஞ்சள் பொங்கியிருக்கிறதாம். கடற்காற்று யாரையும் விடாது. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் செருப்புத் துண்டில் புதுப் பேப்பரைச் சுற்றிக்கொண்டு குந்தியிருந்தாள். நாங்கள் இருவரும் கேட்கவில்லை, கூப்பிடவும் இல்லை. மதிலுக்கு மேலால் அந்தப் பச்சைக் குழாய் வந்து முற்றத்தில் விழுந்தது.

"தொறந்து விடட்டா?" என்று மாமியின் குரல் கேட்டது.